ஆடிப்பெருக்குக்குள் முதல் ஊசி: வீட்டில் எல்லோருக்கும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது எப்படி

போன நவம்பரில் பத்து நாளுக்குள் எங்கள் வீட்டில் நாலு பேர் படுத்துவிட்டோம். மூன்று வயது மகள் பிளே ஸ்கூலிலிருந்து கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் எனக்கு, அப்புறம் கணவருக்கு, கடைசியில் 68 வயது மாமியாருக்கு. மாமியாருக்குச் சர்க்கரை வேறு. சளி நெஞ்சுக்கு இறங்கி நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே சளி மாதிரி எடுத்துப் பார்த்தபோதுதான் அது சாதாரண சளிக்காய்ச்சல் இல்லை, இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ என்று தெரிந்தது. நாலு மாதக் கைக்குழந்தை மட்டும் எப்படியோ தப்பினான்.

அதற்கப்புறம்தான் ஊசியைத் தேடி அலைந்தேன். ஒரு இடத்தில் இருப்பு இல்லை, இன்னொரு இடத்தில் பெரியவர்களுக்குப் போட மாட்டோம் என்றார்கள், மூன்றாவது இடத்தில் எடுத்துக்காட்டிய பெட்டியில் காலாவதிக்குப் பத்து நாள்தான் பாக்கி. இந்த வருடம் எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டேன். முதல்முறை போடப்போகிறவர்கள் அதே அலைச்சலைப் படக்கூடாது என்பதால் எழுதுகிறேன். நான் இருப்பது சென்னை. மற்ற ஊர்க்காரர்கள் மாதக் கணக்கை மட்டும் தங்கள் மழைக்காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. வீட்டில் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

பெயர், வயது, ஏற்கெனவே இருக்கும் நோய், சாப்பிடும் மாத்திரை. இந்த நாலும் போதும். யாருக்கு எத்தனை ஊசி என்பது இதிலிருந்து தெரிந்துவிடும்.

ஆறு மாதம் முடியாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. அவனைச் சுற்றி இருக்கிறவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் வருடா வருடம் போடச் சொல்லி இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. அதற்கு மேற்பட்ட வயதில் ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம், சர்க்கரை என்று ஏதாவது இருந்தால் கட்டாயம் போட வேண்டும். வயதானவர்களும் கர்ப்பிணிகளும் முதல் வரிசை. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம், பால் கொடுப்பவர்களும் போடலாம்.

ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் போடும்போது இரண்டு ஊசி. நடுவில் குறைந்தது நாலு வாரம் இடைவெளி வேண்டும். அடுத்த வருடத்திலிருந்து ஒன்று போதும். பெரியவர்களுக்கு எப்போதும் ஒன்றுதான். இந்த இரண்டாவது ஊசியைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். முதல் ஊசிக்குக் குழந்தை அழுத அழுகையே போதும் என்று அப்படியே விட்டுவிடுவார்கள். விட்டால் முதலில் கொடுத்த பணமும் பாதி வீண்தான்.

ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தது. குழந்தையின் தடுப்பூசி அட்டையில் 'ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே' என்று ஒரு வரி இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6, 10, 14 வாரங்களில் இலவசமாகப் போடும் பென்டாவேலன்ட் ஊசிக்குள் அது வருகிறது. அதைப் பார்த்து "ஃப்ளூ ஊசிதான் போட்டாச்சே" என்று இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். அது வேறு. பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறதே தவிர அது ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான ஊசி. ஃப்ளூ வைரஸ் ஊசி அரசின் இலவச அட்டவணையில் இல்லை, தனியாகத்தான் போட வேண்டும்.

2. நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

வட இந்தியாவில் பல ஊர்களில் ஜூன் முதல் செப்டம்பர் மழையோடு ஃப்ளூ ஏறும். சென்னை, வேலூர்ப் பக்கம் வடகிழக்கு மழையோடு, அக்டோபர் நவம்பரில் ஏறுகிறது. ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும்.

இப்போது கணக்குப் போடுங்கள். அக்டோபர் 1-க்குள் தயாராக இருக்க வேண்டும். அதிலிருந்து இரண்டு வாரம் பின்னால் போனால் செப்டம்பர் நடு. முதல்முறை போடும் குழந்தைக்கு இன்னும் நாலு வாரம் பின்னால் போனால் ஆகஸ்ட் நடு. குழந்தை என்றால் அந்த வாரம் பார்த்து மூக்கு ஒழுகும், ஊரில் கோவில் திருவிழா வரும். அதற்கு ஒரு பத்து நாள் தள்ளுபடி. ஆக, ஆடிப்பெருக்குக்குள் முதல் ஊசி. எங்கள் வீட்டில் இதைத்தான் கெடுவாக வைத்திருக்கிறோம். ஆகஸ்ட் 3 சுமாருக்கு முதலாவது, மாதக் கடைசியில் இரண்டாவது.

மே, ஜூனிலேயே போட்டுவிட்டாலும் சரிதான். பள்ளி திறக்குமுன் போடச் சொல்லும் மருத்துவர்கள் பலர். தவறவிட்டு நவம்பர் ஆகிவிட்டதா? அப்போதும் போடுங்கள், "இனிமேல் எதுக்கு" என்று விட வேண்டாம். போன வருடம் வந்து போனதே என்று இந்த வருடம் விடுவதும் தப்பு. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அறிவிக்கிறது.

3. கிளம்புமுன் போன் பண்ணிக் கேளுங்கள்

நேரில் போய் ஏமாந்த பிறகு நான் எழுதிவைத்துக்கொண்ட கேள்விகள் இவை.

"ஃப்ளூ ஊசி கையில் இருக்கிறதா, இல்லை சொன்னால் வரவழைப்பீர்களா?" வரவழைப்பதென்றால் இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

"எந்தப் பருவத்துக்கானது, காலாவதி எப்போது?" தென் அரைக்கோளம், வட அரைக்கோளம் என்று இரண்டு தயாரிப்பு வரும். பெட்டியின் மேல் பருவ ஆண்டு அச்சிட்டிருப்பார்கள். ஆடி மாதத்தில் கையில் வருவது பெரும்பாலும் அந்த வருடத் தென் அரைக்கோள ஊசியாக இருக்கும். முந்தின வருட மிச்சம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"பெரியவர்களுக்கும் போடுவீர்களா?" குழந்தை மருத்துவர்கள் சிலர் அம்மா அப்பாவுக்குச் சேர்த்தே போட்டுவிடுவார்கள், சிலர் மாட்டார்கள். மாட்டார்கள் என்றால் மாமியாரின் சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள்.

"மூன்று வகையா, நான்கு வகையா?" இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல வருடமாக நான்கு வகை வைரஸுக்கான ஊசிதான் உயர்ந்தது என்று சொல்லிவந்தார்கள். அதில் ஒன்றான பி யமகட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு கண்ணில் படவே இல்லை, அதனால் மூன்று வகை போதும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. மூன்று வகையைக் கொடுத்தால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

"ஊசியை நாங்களே வாங்கி வர வேண்டுமா?" ஆமாம் என்றால் வேறு இடம் பாருங்கள் என்பது என் யோசனை. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்க வேண்டும். மெடிக்கலில் வாங்கி, பைக்கில் தொங்கவிட்டு, வெயிலில் சிக்னல் சிக்னலாக நின்று கொண்டுபோனால் என்ன ஆகும்? வேறு வழியில்லை என்றால் கடையிலேயே ஐஸ் பையோடு தெர்மாகோல் டப்பா கேட்டு வாங்குங்கள், ஊசி ஐஸில் நேராகப் படக்கூடாது. உறைந்துபோன ஊசியைப் போடவே கூடாது. எங்கள் வீட்டில் அது நடந்தது. மறுநாள் போடலாம் என்று வாங்கிவந்ததை "கூலா இருக்கணும்னு சொன்னியே" என்று கணவர் ஃப்ரீசரில் வைத்துவிட்டார். 1,700 ரூபாய் குப்பையில்.

4. எடுத்துப்போக வேண்டியவை

குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை. பெரியவர்களுக்கு அட்டை இருக்காது, ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். ஊசிக் குப்பியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், தேதியோடு. ஸ்டிக்கர் இல்லையென்றால் பெயர், பேட்ச் எண், காலாவதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். சிலர் வெறுமனே 'ஃப்ளூ' என்று கிறுக்கித் தருவார்கள். இடம் மாறினால் அது எதற்கும் உதவாது.

மாமியார், மாமனார் மாதிரி பெரியவர்களுக்குக் கடைசி மருந்துச் சீட்டு அவசியம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் ஊசி போட்ட இடத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்பு ஃப்ளூ ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தாலோ, கை கால் செயலிழக்கும் கியான்-பாரே நோய் வந்திருந்தாலோ அதையும் சொல்ல வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் இப்போது போட்டுக்கொள்ளலாம் என்பதே பொது நிலை, என்றாலும் டாக்டர் காதில் போட்டுவையுங்கள்.

5. செலவு

எங்களுக்கு ஒரு ஊசி 1,500 முதல் 2,000 ரூபாய்க்குள் வந்தது, பிராண்டைப் பொறுத்து. கைக்குழந்தைக்கு இப்போது வயது வந்துவிட்டதால் அவனுக்கு இரண்டு, மகளுக்கு இரண்டு, பெரியவர்கள் மூன்று பேருக்கு மூன்று. மொத்தம் ஏழு ஊசி, பன்னிரண்டாயிரத்துக்கு மேல். நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் மாமியாரின் ஆஸ்பத்திரி பில்லில் முதல் நாள் முன்பணமே இதைவிட அதிகம்.

ஒரே மாதத்தில் முடியாவிட்டால் மே மாதம் பெரியவர்கள், ஜூலைக் கடைசியில் குழந்தைகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் கட்டுப்படியாகாவிட்டால் வயதானவர், நோய் உள்ளவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர் என்ற வரிசை நியாயமானது. கர்ப்பிணி என்றால் வெளியே காசு கொடுக்குமுன் பரிசோதனைக்குப் போகும் அரசு மருத்துவமனையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையைப் பாருங்கள். ஆளுக்கு ஆள் தனித்தனி ஆலோசனைக் கட்டணம் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எங்களுக்கு முதலில் அப்படித்தான் போட்டார்கள், கேட்டதும் ஒன்றாகக் குறைத்தார்கள். சாதாரண மருத்துவக் காப்பீட்டில் ஊசிச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. வெளிநோயாளர் செலவு தரும் பாலிசியோ, கம்பெனிக் காப்பீடோ இருந்தால் பில்லை அனுப்பிப் பாருங்கள். பில்லில் நோயாளி பெயரும் ஊசியின் பெயரும் இருக்க வேண்டும்.

6. ஊசி போடும் நாள்

லேசான மூக்கொழுகல் இருந்தால் போடலாம், நல்ல காய்ச்சல் என்றால் தள்ளிவையுங்கள். பெட்டியைப் பிரிப்பதை உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். பார்க்கிங்கில் வண்டி எடுக்கணும் என்று ஓடாதீர்கள்.

அன்றிரவு கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் உடம்பு சுடும். ஊசியே ஃப்ளூவைக் கொண்டுவந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். பொதுவாகப் போடும் ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அதனால் நோய் வராது. அதே சமயம் இது கவசமும் இல்லை. ஊசி வைரஸுக்கு நன்றாகப் பொருந்திய வருடங்களிலேயே டாக்டரிடம் போகும் அளவுக்கு வரும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கிறது. வந்தாலும் முற்றாமல் போவதுதான் பெரிய லாபம். ஆகையால் அடுத்த படிகளும் வேண்டும்.

7. ஒருவருக்கு வந்துவிட்டால் முதல் இரண்டு நாள்

சாதாரணச் சளி மெல்ல ஏறும். ஃப்ளூ திடீரென்று வரும். காலையில் நன்றாக இருந்தவருக்குச் சாயங்காலம் குளிரும், உடம்பு அடித்துப் போட்டதுபோல வலிக்கும், வறட்டு இருமல் வரும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கி ஐந்தாறு நாள் பரவும், குழந்தைகளிடமிருந்து இன்னும் கூடுதல் நாள்.

ஒரே படுக்கையறை வீட்டில் தனியறைக்கு எங்கே போவது? நாங்கள் செய்தது, ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து, நோயாளியை ஜன்னலோரம் படுக்க வைத்தோம். கைக்குழந்தையும் மாமியாரும் ஹாலுக்கு. பார்த்துக்கொள்ள ஒரே ஆள், முகக்கவசத்தோடு. டம்ளர், துண்டு தனி. சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவல். தாய்க்குக் காய்ச்சல் என்றால் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி வீட்டில் சொல்வார்கள். நிறுத்த வேண்டாம், கை கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுங்கள்.

நேரம் முக்கியமாவது ஒரு இடத்தில். ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். எல்லோருக்கும் அது தேவையில்லை. முதியவர், கர்ப்பிணி, சின்னக் குழந்தை, சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர் என்றால் "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று இருக்காமல் முதல் நாளே டாக்டரிடம் போங்கள். இவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே அதைத் தொடங்குவார்கள். சீட்டு இல்லாமல் கடையில் தர மாட்டார்கள், எல்லாக் கடையிலும் இருக்கவும் இருக்காது. ஆளை வீட்டில் விட்டுவிட்டு, சீட்டைப் படம் எடுத்து நாலு கடைக்கு அனுப்பிக் கேளுங்கள். மற்றபடி ஆரோக்கியமானவருக்கு லேசான காய்ச்சல் என்றால் பிசிஆர் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை, முடிவு என்ன வந்தாலும் ஓய்வும் கஞ்சியும்தான்.

பழைய சீட்டை வைத்து அசித்ரோமைசின் வாங்கிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே இதைக் குறிப்பிட்டு அறிக்கை விட்டது.

8. காய்ச்சல் மருந்தின் அளவு: இதை இரண்டு முறை படியுங்கள்

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மூன்று அடர்த்தியில் வருகிறது. 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப், 5 மில்லியில் 250 உள்ள சிரப், ஒரு மில்லியிலேயே 100 உள்ள சொட்டு மருந்து. வழக்கமான அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். என் மகள் 12 கிலோ, அவளுக்கு 180 மில்லிகிராம். முதல் சிரப்பில் அது 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி, சொட்டு மருந்தில் 1.8 மில்லி. "போன தடவை ஏழரை கொடுத்தோம்" என்று பாட்டி சொட்டு மருந்தில் ஏழரையை ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். புட்டி மேல் பெரிய எழுத்தில் அளவை எழுதி ஒட்டுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தையும் குறித்துவையுங்கள், இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டில் இரட்டிப்பாகக் கொடுத்துவிடுவது சுலபம்.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் ஐபுபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவற்றையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும்.

கைக்குழந்தையின் நெஞ்சில் கற்பூரம் காய்ச்சிய எண்ணெய் வேண்டாம், கற்பூரம் பச்சிளங்குழந்தைக்கு விஷம், வலிப்பு வரலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. கொதிக்கும் பாத்திரத்தை வைத்துக் குழந்தைக்கு ஆவி பிடிக்கவும் வேண்டாம், கவிழ்ந்தால் வெந்துவிடும். பெரியவர்களுக்கு மிளகு ரசம், சுக்குக் காபி எல்லாம் தாராளமாக.

9. எப்போது ஓட வேண்டும்

அரசின் சிகிச்சை நெறிமுறையில் ஃப்ளூ நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். ஏ என்றால் லேசானது, வீட்டிலேயே இருக்கலாம். பி என்றால் காய்ச்சலும் தொண்டை வலியும் கடுமையாக இருப்பது அல்லது ஆபத்துப் பிரிவில் இருப்பது, டாக்டர் பார்க்க வேண்டும். சி என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், உதடோ நகமோ நீலம் பாரிப்பது, தூங்கித் தூங்கி விழுவது எல்லாம் சி. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, சிணுங்கிக்கொண்டே இருந்தாலோ அதுவும் சி.

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40-ம் அதற்கு மேலும் என்றால் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே ஆஸ்பத்திரி. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் அலமாரியில் இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள், 94-க்குக் கீழே காட்டினால் கிளம்புங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்ப ஏறினால் நெஞ்சில் வேறு தொற்று சேர்ந்திருக்கலாம். மாமியாருக்கு அப்படித்தான் ஆனது, நாங்கள் ஒரு நாள் தாமதித்தோம்.

ராத்திரி சந்தேகம் என்றால் 104-க்குப் பேசி ஆலோசனை கேட்கலாம், ஆம்புலன்ஸுக்கு 108. ஆதார், காப்பீட்டு அட்டை, மருந்துச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் மழைக்காலம் முழுக்க ஒரே பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவையுங்கள்.

10. பள்ளிக்கும் ஆபீஸுக்கும் திரும்புவது

மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம். காலையில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு அனுப்புவது கணக்கில் சேராது. என் மகளுக்கு வந்ததே அப்படி யாரோ அனுப்பியதால்தான் என்று நினைக்கிறேன். நானும் ஒருமுறை அதையே செய்திருக்கிறேன், மறைப்பானேன்.

மெடிக்கல் சர்டிபிகேட் தேவை என்றால் டாக்டரைப் பார்க்கும் அன்றே கேட்டுவிடுங்கள். குணமான பிறகு பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும், அதற்காகப் பள்ளியில் திருப்பி அனுப்பினால் காட்ட அந்தச் சீட்டு உதவும்.